சந்தேகம் இல்லை, சாப்

அறை எண் 14, எம்.எல்.ஏ. விடுதி,
டேராடூன்.
18 நவம்பர், காலை 5.30 மணி

பீனாவின் அம்மாவுக்கு,

நலம். உன் நலமும், பௌரியில் புகுந்த வீட்டில் இருக்கும் பீனாவின் நலமும், எருமையின் நலமும் அறிய ஆவல்.

நிலவரம் வருமாறு. முதலாவது, பத்திரமாக வந்து சேர்ந்தேன். கோட்துவார் தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளியவர்களில் எம்.எல்.ஏ. நான் ஒருவன்தான் என்று கண்டக்டர் வண்டி முழுக்கச் சொல்லி என் மானத்தை வாங்கினான். நீ கட்டிக் கொடுத்த கேழ்வரகு ரொட்டி இரண்டு நாள் தாங்கியது. பக்கத்து அறைச் சௌத்ரிக்கும் ஒன்று கொடுத்தேன். சமவெளிக்காரர், கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர். மென்று முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நான் நாலரை மணிக்கு எழுந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் போகிறதாம். "ரௌதான்ஜி, சண்டை முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. நீங்களும் தூங்குங்க, என்னையும் தூங்க விடுங்க" என்கிறார்.

நேற்று எங்கள் கட்சி உறுப்பினர்களின் கூட்டம். சுகாதார அமைச்சர் ஒரு திட்டத்தை விளக்கினார். ஆஸ்பத்திரிகளைச் சீரமைப்பது பற்றி ஒன்றரை மணி நேரம். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். பட்டாளத்தில் அதிகாரி உத்தரவு சொல்லி முடித்ததும் கேட்கிற அதே கேள்வி. இருபத்து நாலு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? நான் எழுந்து விறைப்பாக நின்று, "சந்தேகம் இல்லை, சாப்" என்று போட்ட சத்தத்தில் தூங்கியவர்கள் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். ஒரே சிரிப்பு. அமைச்சர் இறங்கி வந்து என் தோளைத் தட்டி, "இவர மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும்யா" என்றார். மெத்தனமாக உட்கார்ந்திருக்கிற இந்த ஊரில் ஒழுங்குக்கு மரியாதை இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம்தான்.

மஜேராகால் பிரசவ வார்டு எப்படி நடக்கிறது? டாக்டரம்மாவுக்குக் குளிர் தாங்குகிறதா? வீட்டிலிருந்து கம்பளி ஒன்று கொடுத்தனுப்பு. ஓய்வு பெற்று வந்து ஆறு வருஷம் அலைந்து, ஓட்டு வாங்கி, ஜெயித்து, நான் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொள்ள அந்த இரண்டு கட்டில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கேதார் சிங் ரௌதான்
(சுபேதார், ஓய்வு)


சௌடாண்டா
மங்சீர் மாதம் 21

பீனாவின் அப்பாவுக்கு,

சதேஸ்வரி எழுதுவது. "முதலாவது" என்று ஆரம்பித்தீர்கள், இரண்டாவதைக் காணோம். பட்டாளத்தில் இருந்த நாளிலிருந்தே இப்படித்தான். போகட்டும். இரண்டாவதை நான் எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சரிவில் புல் அறுத்துக்கொண்டிருந்தோம். கீழே சாலையில் லாரி ஒன்று வளைந்து வந்தது. அதில் இரண்டு பச்சைக் கட்டிலும், கால் மேலே தூக்கிய பிரசவ மேஜையும் இருந்தன. அரிவாளோடு இறங்கி ஓடினோம். டிரைவர் பயந்துபோய், "என்கிட்ட ஏம்மா வம்பு? நான் சாமான் ஏத்துறவன். காகிதத்தப் பாருங்க" என்றான். ஆங்கிலத்தில் இருந்தது, மஜேராகால் கம்பவுண்டர்தான் வாசித்துச் சொன்னார். மலையில் பதினோரு இடத்துப் பிரசவ வார்டுகளை மூடி, டாக்டர்களைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறார்களாம். மலைத் தொகுதி உறுப்பினர்கள் யாரும் சந்தேகம் எழுப்பவில்லை, குறிப்பாக ஸ்ரீ கேதார் சிங் ரௌதான் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்தார் என்று அதில் இருக்கிறது.

கூடப் புல் அறுக்க வந்த பச்சுலி என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணி, அண்ணன் பேரப் போட்டிருக்காங்களே. எழுதினவன் தப்பா எழுதிட்டானோ?" என்றாள். தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் முதல் நாள்தான் வந்திருந்தது. இடுப்பில் செருகி வைத்திருந்தேன்.

இரண்டு நாள் லாரிக்கு முன்னால் உட்கார்ந்தோம். மகளிர் மன்றத் தலைவி நான்தானே, நான்தான் முதலில் உட்கார்ந்தேன். போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே கேட்டார்: "அம்மா, உங்க வீட்டுக்காரர் நின்னு சம்மதம்னு சொன்னத நீங்க உக்காந்து வேண்டாங்கறீங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது?" எழுந்து வழி விட்டேன். டாக்டரம்மா போகும்போது அழுதாள். உங்கள் கம்பளியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், நான் வாங்கவில்லை.

ஊரில் யாரும் உங்களைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சை மாற்றுகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபம் வந்தால் வரட்டும். வார்டு திரும்பி வந்த பிறகு நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். அதற்கு முன்னால் வர வேண்டாம்.

சதேஸ்வரி


டேராடூன்
12 டிசம்பர், காலை 6.00 மணி

பீனாவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு முறை படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று எங்கள் எல்லோருக்கும் ஒன்பது பக்கம் கொடுத்தார்கள். எட்டுப் பக்கம் நல்ல வார்த்தைகள். எந்தெந்த ஊர் என்ற பட்டியல் ஒன்பதாவது பக்கத்தில். அந்தக் கடைசிப் பக்கத்தை நான் திருப்பவில்லை. உத்தரவு வந்தால் அதன் பின்பக்கத்தைப் பார்ப்பது பட்டாளத்தில் வழக்கமில்லை. மேலே இருப்பவன் பார்த்திருப்பான் என்று நம்பித்தான் நாங்கள் நடந்தோம். நடந்ததால்தான் உயிரோடும் திரும்பினோம். மற்ற மலைத் தொகுதிக்காரர்கள் மூன்று பேர் எதிர்த்துப் பேச நினைத்திருந்தார்களாம். நான் எழுந்து கத்தியதும், ரௌதானே சம்மதித்துவிட்டான், நமக்கு என்ன என்று வாயை மூடிக்கொண்டார்கள். இதைக் கேட்டபோது என் தலை குனிந்துவிட்டது.

அமைச்சரைப் போய்ப் பார்த்தேன். டீ கொடுத்தார். "ரௌதான்ஜி, நான் கேட்டேன், நீங்கதான் எந்திரிச்சு சொன்னீங்க. இப்ப நானே மாத்தினா என்னை என்ன நெனப்பாங்க? ரெண்டு வருஷம் பொறுங்க" என்றார். பிறகு, முன்னாள் படைவீரர் நல வாரியத்துக்கு என்னைத் தலைவராகப் போட நினைக்கிறார்கள் என்றும் சொன்னார். சிவப்பு விளக்கு வைத்த கார் உண்டாம். யோசித்துப் பார்த்தால், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உள்ளே இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் காரியம் சாதிக்கலாம். படையில் இருந்து வந்தவர்களுக்கும் நல்லது. கட்சியை எதிர்த்து நின்றால் எனக்கும் பயனில்லை, வார்டுக்கும் பயனில்லை.

சங்கராந்திக்கு வருகிறேன். நேரில் பேசுவோம். வர வேண்டாம் என்று எழுதியது கோபத்தில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேதார் சிங்


சௌடாண்டா
பூஸ் 12

பீனாவின் அப்பாவுக்கு,

கோபத்தில் எழுதவில்லை. அடுப்பை அணைத்து, எருமைக்குத் தண்ணீர் காட்டி, கையைக் கழுவிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து எழுதினேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

பீனாவுக்கு முன்னால் பிறந்தவளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நீங்கள் அப்போது எல்லையில் இருந்தீர்கள். உங்கள் அண்ணன் உங்களுக்கு, "பிறந்தது தங்கவில்லை" என்று மட்டும் எழுதினார். வேறு என்ன எழுதுவார், ஆண்பிள்ளை. அவருக்கே முழுதும் தெரியாது.

காலையில் வலி கண்டது. நாற்காலியில் கம்பு கட்டி நாலு பேர் தூக்கினார்கள். சாலைக்குப் போக அப்போது பதினோரு கிலோமீட்டர். மழையில் பாதை சரிந்து கிடந்த இடத்தில் நாற்காலி போகவில்லை. இறங்கி நடந்தேன். பச்சுலியின் மாமியார் பின்னாலிருந்து என் இடுப்பைத் தாங்கினாள். சாலைக்கு வந்தோம், பஸ் இல்லை. பஸ் நிற்கும் தகரக் கொட்டகையில்தான் பிறந்தாள். செத்துப் பிறக்கவில்லை, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அழுதாள். ஒரு மணி நேரம் இருந்தாள். என் சுண்டு விரலைப் பிடித்தாள். உங்கள் காது அவளுக்கு, மேல் மடிப்பு அப்படியே. எனக்கு ரத்தம் நிற்கவில்லை என்று எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் சத்தமில்லாமல் போய்விட்டாள். பஸ் வந்தபோது அவள் இல்லை.

பதினோராம் நாள் பெயர் வைக்கும் முன்பே போன குழந்தைக்குக் கணக்கு இல்லை என்பார்கள். ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்தார்கள். அதோடு பேச்சும் முடிந்தது. ஒன்றரை மாதம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. தபால்காரர் முற்றத்தில் நின்று உரக்க வாசித்தார். "மனதைத் தேற்றிக்கொள். இங்கு எல்லாம் ஒழுங்காக உள்ளது. உத்தரவு வந்தால் விடுப்பில் வருவேன்." அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி என் கடிதத்தை வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்று. அந்த மழைக்காலத்திலேயே எழுத்துக் கற்றுக்கொண்டேன்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எல்லையில் இருந்தவர் என்ன செய்வீர்கள்? ஆனால் இப்போது நீங்கள் எல்லையில் இல்லை. உங்களுக்கு மேலே அதிகாரி யாரும் இல்லை. இந்த மலையில் இருக்கிற பெண்கள்தான் உங்களை அங்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் நாற்காலியில் கம்பு கட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சிவப்பு விளக்குக் காரில் வந்து இறங்கினால் நான் கதவைத் திறக்க மாட்டேன். நிச்சயமாகத் திறக்க மாட்டேன்.

சதேஸ்வரி


சௌடாண்டா
மாக் 28

பீனாவின் அப்பாவுக்கு,

இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. வர வேண்டாம் என்றுதான் சொன்னேன், எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

சங்கராந்திக்கு உளுந்துக் கிச்சடி செய்தேன். பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்துவிட்டேன். உங்கள் பங்கைப் பச்சுலியின் பையன் சாப்பிட்டுவிட்டு, "பெரியம்மா, எம்.எல்.ஏ. இனிமே வரவே வேண்டாம்" என்கிறான். எருமை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. பனியில் பஸ் ஓடவில்லை, மேலூர் சுந்தரியைப் பிரசவத்துக்குக் கீழே ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மணி நேரம் தூக்கிப் போனார்கள். நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வழியில் எந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவள் மாமியார் வந்து சொன்னாள். கேட்டுக்கொண்டே ஒரு கூடை புல்லையும் கன்றுக்குப் பதில் தரையில் கொட்டிவிட்டேன்.

உடம்பு சரியில்லையா? அதையாவது எழுதுங்கள். பஜார் போனுக்கு ஒரு வார்த்தை சொன்னாலும் போதும்.

சதேஸ்வரி


டேராடூன்
11 மார்ச், மாலை

சதேஸ்வரிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்த போதெல்லாம் "நலம்" என்ற வார்த்தைக்கு மேல் கை நகரவில்லை. உன் பூஸ் மாதக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அழுதாள் என்று எழுதியிருந்தாய். அவள் அழுதது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அவள் சத்தமே இல்லாதவள் என்று நினைத்திருந்தேன்.

வாரியத் தலைவர் பதவி வேண்டாம் என்று ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கே நல்ல பெயர் வாங்கிக்கொள்வது போல் ஆகிவிடும்.

இன்று சட்டசபையில் சுகாதாரத் துறைக்கான மானியக் கோரிக்கை ஓட்டுக்கு வந்தது. எங்கள் கட்சிக்குப் பெரும்பான்மை நாலே பேர்தான். ஓட்டெடுப்புக்கு முன்னால் சபாநாயகர் வழக்கம் போல, யாராவது பேச விரும்புகிறீர்களா என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். நான் எழுந்தேன். கட்சிக் கொறடா பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சுபேதார் சாப், உக்காருங்க" என்றார். பயமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன. குண்டு விழுந்த இடத்தில்கூட இப்படிப் பயந்ததில்லை. அங்கே பக்கத்தில் நம் ஆட்கள் இருந்தார்கள்.

சொன்னது இவ்வளவுதான். "எனக்குச் சந்தேகம் இருக்குங்க. நவம்பர்ல இல்லைன்னு சொன்னேன். காகிதத்தோட கடைசிப் பக்கத்தப் படிக்காமச் சொன்னேன். தப்பு என்னோடது, அமைச்சரோடது இல்ல. அந்தச் சம்மதத்தத் திருப்பி எடுத்துக்கறேன். அந்தப் பதினோரு வார்டும் மலையில இருந்தாத்தான் இந்த மானியத்துக்கு என் ஓட்டு. என் மகள்..." என்று ஆரம்பித்து, பஸ் நிற்கும் கொட்டகை வரை சொன்னேன். அத்தோடு நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்க்கட்சிக்காரர்கள் மேஜையைத் தட்டுவார்கள் என்று பார்த்தேன். யாரும் தட்டவில்லை. பிறகு அந்த மூன்று மலைத் தொகுதிக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். நாலு பேர் போனால் மானியமே கவிழ்ந்துவிடும். அமைச்சர் எங்களை எண்ணினார், இன்னொரு தரம் எண்ணினார், பிறகு விவாதத்தை மத்தியானத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னார். டீ இடைவேளைக்குப் பிறகு ஒன்பதாவது பக்கத்தை மட்டும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கையெழுத்தான உத்தரவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

கட்சி விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. அடுத்த தேர்தலில் டிக்கெட் கிடையாது என்று கொறடா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "ரொம்ப நன்றி" என்றேன். கிண்டல் என்று நினைத்துக்கொண்டார். நிஜமாகவே சொன்னேன். முதுகிலிருந்து சுமையை இறக்கி வைத்தது போல் இருக்கிறது. சாயங்காலம் சௌத்ரி என் அறைக்கு வந்து, அவர் ஊர் வெல்லத்தில் ஒரு கட்டி கொடுத்தார். "உங்க ரொட்டிய மெல்ல எனக்குப் பல்லு இல்ல, ரௌதான்ஜி. ஆனா இன்னிக்கு நீங்க பேசினதக் கேட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், போய்விட்டார்.

ஒரு விஷயம் பாக்கி. சபையில் பேசுவதை எழுதிக்கொள்ளும் பெண் ஒருத்தி மத்தியானம் நோட்டோடு வந்தாள். "சார், 'என் மகள்'னு சொல்லிட்டு கொஞ்சம் நிறுத்தினீங்க. பேரு என் காதுல விழல. எடம் விட்டு வெச்சிருக்கேன். அச்சுக்குப் போறதுக்குள்ள சொல்லுங்க, இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு" என்றாள். பேர் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவன், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

யாரிடம் கேட்பது? உன்னிடம்தான் கேட்க வேண்டும். நீ அவளுக்குப் பெயர் ஏதாவது வைத்திருந்தாயா? இல்லையென்றால் பரவாயில்லை, அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வரட்டுமா?

கேதார்


சௌடாண்டா
சைத் 9

பீனாவின் அப்பாவுக்கு,

லாரி வந்தது. அதே டிரைவர். எங்களைப் பார்த்ததும் இறங்கி நின்று, "இந்தத் தடவ அரிவாளக் கீழ வெச்சுட்டு வாங்கம்மா, எறக்கத்தான் வந்திருக்கேன்" என்றான். நாங்களே இறக்கினோம். பிரசவ மேஜையைப் பச்சுலி ஒரு முனை, நான் ஒரு முனை. ஐந்தாம் நாள் டாக்டரம்மாவும் வந்தாள், நம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. நேற்று காலை மேலூரில் இருந்து ஒருத்தி நடந்தே வந்து, மத்தியானம் பெற்றாள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, இருந்தாலும் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டது. நானும் அழுதேன். யாராவது பார்த்திருந்தால் மூட்டுவலி என்று சொல்லியிருப்பேன், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

வார்டு வாசலில் உங்கள் பெயரில் பலகை வைக்கலாம் என்று மகளிர் மன்றத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கோபப்பட மாட்டீர்கள் என்று தெரியும். டிக்கெட் போனதைப் பற்றி ஊரில் எல்லோரும் வருத்தப்படுகிறார்கள், நான் மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறேன். பதவிக்காலம் முடியும் வரை சபையில் ஒழுங்காக வேலை பாருங்கள். லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து போங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மாவும் கேட்கவில்லை, உங்கள் அண்ணியும் கேட்கவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கொட்டகையில், என் விரலை அவள் பிடித்திருந்தபோதே வைத்துவிட்டேன். மஜேராகாலில் அப்போது புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தாள். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு, தனியாகவே மலை ஏறிப் பள்ளிக்குப் போவாள், யாருக்கும் பயப்பட மாட்டாள். அவள் பெயரை வைத்தேன். இத்தனை வருஷமும் புல் அறுக்கும்போது, தனியாக இருக்கும்போது, அப்படித்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன்.

அவள் பெயர் சுலோசனா. அந்தப் பெண்ணிடம் மாசக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள். சுலோசனா ரௌதான் என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் காட்டச் சொல்லி, உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

சதேஸ்வரி